உழுத வயலில் வைரம் தேடும் உரிமை: ஆர்கன்சாவின் பைக் கவுண்டிப் பூங்கா குறித்து ஒரு மதிப்புரை

கல் சேகரிப்பதில் ஈடுபாடு கொண்ட ஒருவர் அமெரிக்காவின் கிராமப்புறக் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) ஒன்றுக்குச் செல்லும்போது அவர் முன் எழும் முதல் கேள்வி, அங்கே என்ன கல் கிடைக்கும் என்பதன்று. எந்த நிலத்தில் குனிந்து எடுக்க அவருக்கு அனுமதி உண்டு என்பதே. நிலவியல் வரைபடத்தை விரித்தால் சாலைக்காக வெட்டிய மலைச்சரிவுகளும், கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளும், ஓடைப் படுகைகளும் வா என்று அழைக்கும். நேரில் போய் நின்றால் கம்பி வேலியும் அத்துமீறி நுழையாதே என்ற பலகையுமே நம்மை வரவேற்கும். நிலத்தின் மேற்பரப்பு ஒருவருக்கும், அதன் அடியிலுள்ள கனிமங்களின் உரிமை வேறொருவருக்கும் சொந்தமாக இருப்பது அந்த நாட்டில் சாதாரணம் என்பதால், வீட்டு வாசலில் நின்று கேட்டு வாங்கிய சம்மதம்கூடச் சில நேரங்களில் போதாது. தேசியப் பூங்காக்களில் ஒரு கூழாங்கல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வதும் குற்றம். பெரும்பாலான மாநிலப் பூங்காக்களிலும் அதே நிலைதான்.

இந்தப் பின்னணியை மனத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஆர்கன்சா மாநிலத்தின் பைக் கவுண்டியில், மர்ஃப்ரீஸ்போரோ என்ற சிற்றூருக்கு அருகில் இருக்கும் கிரேட்டர் ஆஃப் டயமண்ட்ஸ் மாநிலப் பூங்காவின் அருமை விளங்கும். கவுண்டி முழுவதிலும் ஏறத்தாழ 10,000 பேரே வாழ்கிறார்கள். அங்கே 37 ஏக்கர் பரப்புள்ள ஒரு வயலை அரசே உழுது போட்டு, நுழைவுச் சீட்டு வாங்கிய எவரும் அதில் தேடலாம், கண்டெடுத்தது எதுவாயினும், எவ்வளவு மதிப்புடையதாயினும் அவருக்கே சொந்தம் என்று அறிவித்திருக்கிறது. வைரம் தன்னை மேலே கொண்டுவந்த எரிமலைப் பாறையிலேயே கிடக்க, அதைப் பொதுமக்கள் தேடி எடுத்துக்கொள்ளக்கூடிய இடங்கள் உலகில் மிகச் சிலவே. அவற்றுள் இது ஒன்று. நானும் பதினொரு வயது மகளும் ஒரு வசந்த காலத்தில் இரண்டு நாள்களை இந்த வயலில் கழித்தோம். வைரம் கிடைக்கவில்லை. இருந்தும் இதுவரை நான் கல் தேடிச் சென்ற இடங்களுள் இதையே முதலில் வைப்பேன். அதற்கான காரணங்களையே இங்கே எழுதுகிறேன்.

பெயரில் கிரேட்டர், அதாவது எரிமலை வாய், இருப்பதால் பெரும் பள்ளம் ஒன்றை எதிர்பார்த்துப் போவோருக்குக் கண்ணில் படுவது காட்டால் சூழப்பட்ட, லேசாகச் சரிந்த, சால் சாலாக உழப்பட்ட ஒரு வயல்தான். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே எரிமலை வெடித்தது. அப்போது பூமியின் ஆழத்திலிருந்து மேலேறி வந்த பாறைக் குழம்பு, தான் உருவாக்காத வைரங்களை வழியில் வாரிக்கொண்டு வந்தது. பள்ளமும் மேடும் காலப்போக்கில் மழையில் கரைந்து போக, எரிமலைக் குழாயின் வெட்டுமுகம் மட்டும் தரையோடு தரையாக எஞ்சியிருக்கிறது. தென்னாப்பிரிக்க வைரங்களைத் தாங்கி வந்த கிம்பர்லைட் பாறையே இங்கும் இருப்பதாக நெடுங்காலம் எண்ணப்பட்டு, பிற்பாடுதான் இது லாம்ப்ராய்ட் என்ற வேறு வகைப் பாறை என்று தெளிந்தது. ஆஸ்திரேலியாவின் ஆர்கைல் சுரங்கத்தில் வைரம் கிடைத்ததும் லாம்ப்ராய்ட்டிலிருந்தே. அந்தப் பாறை மக்கித்தான் இந்த வயலின் மண் ஆகியிருக்கிறது; கையில் அள்ளினால் பசுமை கலந்த சாம்பல் நிறமும், வெயிலில் மினுக்கும் அப்பிரகத் துணுக்குகளும் தெரியும். மற்ற இடங்களில் பாடப்புத்தகத்தில் மட்டும் படிக்கும் ஒரு செய்தியை இங்கே விரல்களுக்கிடையில் பிசைந்து பார்க்க முடிகிறது.

1906ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஜான் ஹடில்ஸ்டன் என்ற விவசாயி தம் நிலத்தில் இரண்டு விசித்திரமான கற்களைக் கண்டெடுத்ததிலிருந்து இந்த வயலின் வரலாறு தொடங்குகிறது. அதன் பிறகு வணிக முறையில் வைரம் எடுக்க முயன்ற நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. 1950களில் தனியார் இதைக் கட்டணச் சுற்றுலா இடமாக நடத்தினார்கள். 1972இல் மாநில அரசு விலைக்கு வாங்கிப் பூங்காவாக்கியது. நிறுவனங்கள் தோற்றதுதான் நமக்கு வாய்த்த நற்பேறு என்று நினைக்கிறேன். பெரும் இயந்திரங்களை வைத்து அகழ்வதற்குப் போதாத அளவே இங்கே வைரம் இருக்கிறது. ஆனால் மண்வெட்டியோடு வரும் மனிதனின் நம்பிக்கையைத் தாங்க அது தாராளமாகப் போதும்.

எவ்வளவு போதும் என்பதற்குக் கணக்கு உண்டு. 1906 முதல் இன்று வரை 75,000க்கும் மேற்பட்ட வைரங்கள் இந்த நிலத்திலிருந்து வந்திருக்கின்றன. 1924இல் கிடைத்த அங்கிள் சாம் என்ற வைரம் 40.23 காரட் எடையுள்ளது. அமெரிக்காவில் இதுவரை கிடைத்தவற்றுள் அதுவே மிகப் பெரியது. பூங்காவான பின் கிடைத்தவற்றுள் மிகப் பெரியது 1975இல் எடுக்கப்பட்ட, 16.37 காரட் எடையுள்ள அமரில்லோ ஸ்டார்லைட். 2015இல் ஒரு பயணி எடுத்த எஸ்பெரான்சா 8.52 காரட். ஆனால் இப்பெயர்களைக் கேட்டு மயங்கிப் போகக் கூடாது. இன்று பார்வையாளர் அனைவருக்குமாகச் சேர்த்து நாளொன்றுக்குச் சராசரியாக ஒன்று அல்லது இரண்டு வைரங்களே கிடைக்கின்றன. அவற்றுள்ளும் பெரும்பாலானவை தீக்குச்சித் தலையை ஒத்த அளவுடையவை. வெள்ளை, பழுப்பு, மஞ்சள் என மூன்று நிறங்களில் அவை வருகின்றன.

அளவைக் கொண்டு மட்டும் இந்த வைரங்களை எடை போடவும் முடியாது. 1990இல் கிடைத்த ஸ்ட்ரான் வாக்னர் வைரம், பட்டை தீட்டுவதற்கு முன் 3.03 காரட்டே இருந்தது. தீட்டிய பிறகு 1.09 காரட். நிறம், தெளிவு, வெட்டு ஆகியவற்றில் குறையே இல்லை என்று தரச் சான்று பெற்ற அந்தக் கல் பூங்காவிலேயே காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. வயலுக்குள் போகும் முன் ஒருவர் செய்ய வேண்டியது, அங்குள்ள காட்சிப் பெட்டிகளில் இருக்கும் பட்டை தீட்டாத வைரங்களின் முன் அரை மணி நேரம் நின்று பார்ப்பது. நகைக்கடையில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, தீட்டாத வைரம் முதலில் வைரமாகவே தோன்றாது. கூர் முனைகளோ பட்டைகளோ இன்றி உருண்டு, எண்ணெய் தடவியது போல் வழுவழுப்பாக, உள்ளிருந்து ஒளிர்வது போன்ற பளபளப்போடு அது இருக்கும். ஈரமும் சேறும் அதன் மேல் ஒட்டுவதில்லை. உழுத சேற்றில் மற்றக் கற்களெல்லாம் மண் பூசிக் கிடக்க, வைரம் மட்டும் கழுவி வைத்தாற்போல் துடைத்த முகத்தோடு கிடக்கும் என்று அங்கே பல ஆண்டுகளாகத் தேடிவரும் முதியவர் ஒருவர் என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

தேடும் முறைகள் மூன்று. முதலாவது, எதையும் தோண்டாமல் சால்களின் மேல் மெல்ல நடந்து பார்ப்பது. புதிதாக உழுத பின் ஒரு நல்ல மழை பெய்து, மறுநாள் வெயில் அடித்தால் அதுவே இதற்கு உகந்த நேரம். மழை மேல்மண்ணைக் கழுவிவிட, வெயில் கல்லின் முகத்தில் பட்டுத் தெறிக்கும். சூரியனை எதிர்நோக்கி நடக்க வேண்டும். பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றும் இம்முறையை ஏளனமாக எண்ண வேண்டாம். பெரிய வைரங்கள் பல இப்படி நடந்தவர்களின் கண்ணில்தான் பட்டிருக்கின்றன. இரண்டாவது, உலர்ந்த மண்ணைச் சல்லடையில் சலிப்பது. மண் காய்ந்திருந்தால் மட்டுமே இது பயன்படும். எங்களுக்கு வாய்த்த ஈர மண்ணில் சல்லடைக் கண்கள் அடைத்துக்கொண்டதால் அரை மணி நேரத்தில் கைவிட்டோம்.

மூன்றாவது முறையான நீரில் அரித்தலைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் இரண்டு நாள்களில் பெரும்பகுதி அதிலேயே போயிற்று. மகிழ்ச்சியின் பெரும்பகுதியும் அதிலேதான். மண்ணை வாளியில் அள்ளிவந்து, கூரை போட்ட கழுவுமிடத்தில் இருக்கும் நீர்த்தொட்டிகளில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு சல்லடைகளில் கொட்டிக் கழுவுகிறோம். மேல் சல்லடையின் அகலமான கண்களில் பெரிய கற்கள் நிற்க, கீழ்ச் சல்லடையின் நுண்ணிய கண்களில் சிறு பரல்கள் தங்குகின்றன. களிமண் கரைந்து ஓடிவிடுகிறது. பிறகு அந்தப் பரல்களை மட்டும் நீருக்குள் வைத்து, சல்லடையை ஒரு சீரான அசைவில் மேலும் கீழுமாக ஆட்டி, கால்வட்டம் திருப்பி, மீண்டும் ஆட்ட வேண்டும். அரிக்கன் சட்டியில் அரிசியிலிருந்து கல்லைப் பிரிக்க அம்மா கையைச் சுழற்றிய அசைவு எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. அங்கே கல் வேண்டாதது, இங்கே கல்தான் வேண்டியது. மற்றபடி கை செய்யும் வேலை ஒன்றே.

இதன் பின்னே இருக்கும் கணக்கு அழகானது. வைரத்தின் ஒப்படர்த்தி, அதாவது அதே பருமனுள்ள நீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது, 3.52; வயலெங்கும் கிடக்கும் குவார்ட்ஸ் பரலின் ஒப்படர்த்தி 2.65. காற்றில் நிறுத்தால் ஒரே பருமனுள்ள வைரம் குவார்ட்ஸைவிட மூன்றில் ஒரு பங்கு கனம் கூடியது. நீருக்குள் அமிழ்த்தினால் இரண்டின் எடையிலிருந்தும் நீரின் பங்கு கழிந்து, அவை முறையே 2.52, 1.65 போல நடந்துகொள்ளும். அப்போது வைரத்தின் கனம் பாதிக்கு மேல் கூடிவிடுகிறது. ஆட்ட ஆட்டக் கனமான பரல்கள் சல்லடையின் நடுவில் அடியில் சேர, இலேசானவை ஓரத்துக்கு ஒதுங்குகின்றன. சல்லடையைச் சமமான பலகையின் மேல் ஒரே வீச்சில் கவிழ்த்தால், அடியில் இருந்த கனமான பரல்கள் மேலே வந்து நடுவில் கரும்புள்ளியாகத் தெரியும். வைரம் இருந்தால் அந்த வட்டத்துக்குள் இருக்கும். நடுவட்டம் திரளாமல் பரல்கள் கலைந்து கிடந்தால் ஆட்டியது சரியில்லை என்று பொருள். கல்லைக் குறை சொல்ல இயலாது. முதல் நாள் மாலை வரை எங்களுக்கு வட்டமே அமையவில்லை. அடுத்திருந்த தொட்டியில் அரித்துக்கொண்டிருந்த அம்மையார் ஒருவர் என் மகளின் கைகளைப் பிடித்து இருமுறை ஆட்டிக் காட்டிய பிறகு, மூன்றாம் முறை கவிழ்த்தபோது கைக்கடிகார முகப்பளவு கரிய வட்டம் ஒன்று நடுவில் நின்றது. "அப்பா, வந்துவிட்டது பாருங்கள்!" என்று அவள் கூவியதில் இருந்த பெருமிதம், வைரமே கிடைத்திருந்தாலும் அதைவிடக் கூடியிருக்காது.

வைரம் அல்லாதவை எங்களுக்கு நிறையவே கிடைத்தன. செந்நிற ஜாஸ்பர், வரியோடிய அகேட், சிறு கார்னெட் மணிகள், கால்சைட், கைக்குச் சட்டென்று கனம் காட்டும் பேரைட் ஆகியவற்றோடு லாம்ப்ராய்ட்டின் துண்டு ஒன்றையும் எடுத்தோம். சேகரிப்பவன் என்ற முறையில் அந்தப் பாறைத் துண்டையே பெரிய பேறாகக் கருதுகிறேன்; வைரத்தைக் கடையில் வாங்கலாம், அதைச் சுமந்துவந்த பாறையை எந்தக் கடையிலும் வாங்கியதாக நினைவில்லை.

இவற்றையெல்லாம் பெயரிட்டுச் சொன்னவர்கள் பூங்காவின் கண்டுபிடிப்பு மையத்தில் இருக்கும் பணியாளர்கள். இந்த இடத்தின் ஆகச் சிறந்த சேவை எது என்று கேட்டால், வயலைவிட அந்த மேசையையே சுட்டுவேன். நாம் எடுத்தவற்றைக் கொண்டுபோய் வைத்தால் கட்டணம் ஏதுமின்றி இனங்காட்டுகிறார்கள். வைரமாக இருந்தால் எடை பார்த்துப் பதிவு செய்து அட்டை தருகிறார்கள். விலை மதிப்பிடுவது அவர்கள் வேலையன்று என்பதையும் தெளிவாகவே சொல்லிவிடுகிறார்கள். என் மகள் நெஞ்சு படபடக்க நீட்டிய தெளிவான சிறு கல்லைப் பார்த்த பணியாளர், அது கால்சைட் என்று உடனே சொல்லி அனுப்பிவிடாமல், அதன் முகங்கள் சாய்ந்த கட்டம் போல் பிளந்திருப்பதைக் காட்டி, கத்தி முனையால் கீறினால் கோடு விழும் என்பதையும் விளக்கி, வைரத்தில் ஏன் அப்படி விழாது என்று அவளையே சொல்லவைத்தார். ஏமாற்றத்தைப் பாடமாக மாற்றத் தெரிந்த ஆசிரியரிடம் இருக்கும் பொறுமை அது.

இந்த நேர்மையை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு மாநிலத்தில், பெயர் சொல்ல விரும்பாத கட்டணச் சுரங்கம் ஒன்றில், வாளி வாளியாக மண்ணை விலைக்கு வாங்கி அரித்தோம். அந்த மண்ணில் மாணிக்கமும் மரகதமும் வந்தன. அந்த மலையில் விளையவே முடியாத கற்கள் அவை, வெளியிலிருந்து கொண்டுவந்து கலந்தவை. குழந்தைகளை மகிழ்விக்கச் செய்யும் இவ்வழக்கம் பல இடங்களில் உண்டென்று பின்னர் அறிந்தேன். ஆனால் கல்லுக்கு மதிப்பு அது பிறந்த இடத்தோடு சேர்ந்தே இருப்பதால், இடம் பொய்யாகிவிட்டால் கல்லும் அலங்காரப் பொருளாகிவிடுகிறது. பைக் கவுண்டி வயலில் யாரும் எதையும் விதைப்பதில்லை, உழுவதோடு சரி. வெறுங்கையோடு திரும்பியபோதும் ஏமாற்றப்பட்ட உணர்வு எழாததற்கு அதுவே காரணம்.

போக எண்ணுவோருக்குச் சில செய்திகள். நாளொன்றுக்கு விற்கும் சீட்டுகளுக்கு வரம்பு இருப்பதால் முன்பதிவு செய்துகொள்வது நல்லது. விடுமுறை நாள்களில் இது மிகவும் அவசியம். மண்வெட்டி, வாளி, சல்லடை ஆகியவற்றைச் சொந்தமாகக் கொண்டுவரலாம், அங்கேயே வாடகைக்கும் எடுக்கலாம். மோட்டாரிலோ மின்கலத்திலோ இயங்கும் கருவிகளுக்கு இடமில்லை. கைவலிமைக்கு மட்டுமே அனுமதி என்ற இந்த விதி, சிறுவரையும் பழகியவரையும் ஒரே நிலையில் நிறுத்துகிறது. வயலில் நிழல் மிகக் குறைவு, மண் அடர்நிறமானது, கோடையில் வெப்பம் கடுமை; வசந்தமோ இலையுதிர் காலமோ தேர்ந்தெடுங்கள். மழைக்குப் பின் சேறு முழங்கால் வரை ஏறும் என்பதால் மாற்று உடையும் காலணியும் வண்டியில் இருக்கட்டும். நடந்து தேடுவதற்குத்தான் போகிறீர்கள் என்றால், கடைசியாக எப்போது உழுதார்கள் என்பதை விசாரித்துவிட்டு நாளைக் குறியுங்கள். கழுவுமிடத்துக்கு நெருக்கமான பகுதியிலேயே எல்லோரும் தோண்டுகிறார்கள்; நீரோடிய தாழ்வுகளான கிழக்கு, மேற்கு வடிகால் பகுதிகளில் கனமான பரல்கள் சேர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அங்கிருந்து மண்ணைச் சுமந்துவரும் தூரம் முதுகில் தெரியும்.

இரண்டு நாள் போதுமா என்றால், இந்த வயலுக்கு மட்டும் போதும், சுற்றுப்புறத்துக்குப் போதாது. வடக்கே ஒட்டியிருக்கும் மான்ட்கோமரி கவுண்டியின் மவுண்ட் ஐடா பகுதி, குவார்ட்ஸ் படிகங்களுக்குப் பெயர்பெற்றது. கட்டணம் செலுத்தித் தோண்டும் தனியார் சுரங்கங்களும், வாஷிட்டா தேசியக் காட்டில் மேற்பரப்பில் கிடக்கும் படிகங்களைச் சொந்தப் பயனுக்குப் பொறுக்க அனுமதியுள்ள கிரிஸ்டல் விஸ்டா என்ற இடமும் அங்கே இருக்கின்றன. அருகிலுள்ள ஹாட் ஸ்பிரிங்ஸ் தேசியப் பூங்காவிலோ ஒரு கல்லையும் எடுக்கக் கூடாது. எல்லையை அறிந்து நடக்க வேண்டும். பைக் கவுண்டியிலேயே 1930களில் பாதரசத்துக்காக வெட்டிய பழைய சின்னபார் (பாதரசத் தாது) சுரங்கங்கள் வரைபடங்களில் தென்படும். செந்நிறச் சின்னபார் எவருக்கும் ஆசையூட்டும் கனிமம்தான், ஆயினும் அனுமதியின்றி அந்தக் குழிகளை நெருங்க வேண்டாம் என்பதே என் கருத்து. கைவிடப்பட்ட சுரங்கம் எங்கும் ஆபத்து, பாதரசச் சுரங்கம் இருமடங்கு ஆபத்து.

பணம் சம்பாதிக்கும் எண்ணத்தோடு போகிறவர்களுக்கு இந்த இடத்தைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே நாளில் முடித்துவிட வேண்டும் என்று அவசரப்படுவோர்க்கும் அரித்தல் கைவருவதற்குள் நேரம் முடிந்துவிடும். மண்ணைத் தொட அஞ்சாத குழந்தைகள் உள்ளவர்களும், கல் சேகரிப்பைப் புதிதாகத் தொடங்குவோரும், பாறையைப் பாறையாகவே நேசிக்கும் என் போன்றோரும் தயங்காமல் போகலாம்.

சலித்த பரலில் ஆளுக்கு ஒரு 5 காலன் வாளியை நாள்தோறும் வீட்டுக்கு எடுத்துச் செல்லவும் பூங்கா அனுமதிக்கிறது. நாங்கள் கொண்டுவந்த இரண்டு வாளிகளில் ஒன்று இன்னும் பாதி மிச்சமிருக்கிறது. விடுமுறை நாள்களில் வெள்ளைத் தாளில் ஒரு கை பரலைப் பரப்பி, மேசை விளக்கைச் சாய்த்து வைத்து, சாமணத்தால் ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என் மகள். பார்த்து முடித்தவற்றைத் தனி டப்பாவில் போட்டு, இடமும் நாளும் எழுதி ஒட்டிவைக்கிறாள்.